மில்டன்பேர்க்கில் நாலரை மணித்தியாலம்

வால்தம்ஸ்டோ
25.06.2009

இயேசு மரி சூசை துணை

தங்கச்சி அஞ்சலீனாவுக்கு,

நானும் அண்ணியும் பிள்ளைகளும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். நீ சுகமாகத்தான் இருக்கிறாய் என்று படத்தில் பார்த்தேன். அதனால் அதைக் கேட்கவில்லை.

எத்தனை தரம் போன் எடுத்துவிட்டேன். ஒவ்வொரு தரமும் உன் மகள் ஷெறோன் எடுத்து, "அம்மா ஷிப்டாலை வந்து நித்திரை, மாமா" என்கிறாள். ஒரு மனுஷி நாள் கணக்கில் நித்திரை கொள்ளுமா? ஆகவே எழுதுகிறேன். கடிதமென்றால் நீ நடுவில் வெட்டிவிட்டுப் போக முடியாது.

சனிக்கிழமை, இருபதாம் திகதி, எங்கள் தம்பி கிறிஸ்துநாயகத்துக்கு முப்பத்தோராம் நாள் பூசை வைத்தோம். கோயில் நிறைந்த சனம். ஃபாதர் அவன் பெயரைச் சொல்லிச் செபித்தபோது எல்லோரும் முன்வரிசையைப் பார்த்தார்கள். உனக்கென்று விட்ட இடம் வெறுமையாகக் கிடந்தது. "தங்கச்சிக்குக் காய்ச்சல்" என்று கோயில் வாசலில் நின்று பொய் சொன்னேன். அன்று பின்னேரமே கடைக்கு வந்த சந்திரவதனா தன் மகளின் போனில் உன் படத்தைக் காட்டினாள். ஷெறோன் போட்ட படமாம். நீலச் சட்டை போட்டுக்கொண்டு, வெள்ளைக் கப்பலொன்றின் மேல்தட்டில், கையில் ஐஸ்கிறீம் கோப்பையோடு நிற்கிறாய். என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஏப்ரலில் இருந்து கடையைப் பூட்டிப்போட்டுப் பாராளுமன்றத்துக்கு முன்னால் ரோட்டில் படுத்தவன் நான். நீயும்தான் வந்தாய், வேலை முடிந்து யூனிபோமோடு. வன்னியில் அந்தச் சனம் மண்ணுக்குள் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கூடப்பிறந்தவனின் பூசையை விட்டுவிட்டு உனக்கு ஆற்றில் சவாரி கேட்கிறது. வெட்கமாக இல்லையா?

மன வேதனையுடன்,
அண்ணை கஸ்பர்

பி.கு: அது எந்த ஆறு? கப்பல் எந்தெந்த ஊரில் நின்றது? அதை மட்டும் மறக்காமல் எழுது.


சட்டன்
30.06.2009

அண்ணைக்கு,

நான் சுகம். ஷெறோனும் சுகம். உங்களுடைய சீனி எவ்வளவில் நிற்கிறது? கோபம் வந்தால் உங்களுக்குச் சீனி ஏறும். கடிதத்தைப் பார்த்தால் மீற்றரே வெடித்திருக்கும் போல இருக்கிறது.

நான் நித்திரை கொள்ளவில்லை. உங்களோடு கதைக்க விருப்பமில்லை, அவ்வளவுதான். பிள்ளையைப் பொய் சொல்லவைத்தது என் பிழை.

அந்தப் பயணம் என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கென்று ஷெறோன் தைமாதமே பதிந்தது. ஜேர்மனியில் எட்டு நாள், முதலில் ரைன் ஆறு, பிறகு மைன் ஆறு. மே மாதம் அவளிடம், "எனக்கு வேண்டாம், நிப்பாட்டு" என்றேன். பிறகு கப்பல்காரன் அனுப்பிய தாளை ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். பார்த்தபின் போக முடிவெடுத்தேன். ஏன் என்று இப்போது சொல்லமாட்டேன். கப்பலில் எழுபது வயதுக்குக் குறைந்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும் சாப்பாடு பரிமாறும் பிள்ளைகளும்தான். ஒவ்வொரு காலையும் காதுக்குள் ஒரு கருவியைச் செருகி, இலக்கம் எழுதிய தடியைப் பிடித்த ஒரு பெண்ணின் பின்னால் பள்ளிப் பிள்ளைகள் மாதிரிக் கொண்டுபோவார்கள். உங்கள் சந்திரவதனாவுக்குச் சொல்லுங்கள், அந்தக் கோப்பையில் இருந்தது ஐஸ்கிறீம் இல்லை, சுடுதண்ணீர். தலையிடிக்குப் பனடோல் போட வாங்கினது.

இனி என் கேள்வி. தம்பி செத்துவிட்டான் என்று உங்களுக்கு யார் சொன்னது? ஒருவர், முள்ளிவாய்க்காலில் பங்கருக்குள் கண்டேன், மூச்சு இல்லை என்றார். இன்னொருவர், மே பதினெட்டாம் திகதி அவனை ஆமி பஸ்ஸில் ஏற்றியதை என் கண்ணால் கண்டேன் என்றார். அவன் பெண்சாதி தயாளினி இரண்டு பெட்டைப் பிள்ளைகளோடு செட்டிகுளம் முகாமில் கம்பிக்குள் இருக்கிறாள். அவள் இன்னும் தாலியைக் கழற்றவில்லை. ஒரு சாட்சி செத்தான் என்கிறான், ஒரு சாட்சி உயிரோடு இருந்தான் என்கிறான். கூடப்பிறந்தவன் இதில் எதை நம்புவான்? நீங்கள் அவசரப்பட்டுப் போய் மரணத்தைப் பொறுக்கி எடுத்தீர்கள். படம் இல்லையென்று அந்தோனியார் படத்தைப் போட்டு நினைவு அட்டையும் அடித்தீர்கள். நான் அந்தப் பூசைக்கு வரமாட்டாமல் போனேன் என்று நினைக்காதீர்கள். லண்டனில் இருந்திருந்தாலும் வந்திருக்கமாட்டேன்.

கப்பல் நின்ற ஊர்களை எழுதி என்ன? நீங்களும் போகப் போகிறீர்களா?

அஞ்சலீனா


வால்தம்ஸ்டோ
04.07.2009

இயேசு மரி சூசை துணை

தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். என் சீனியைப் பற்றி நீ கவலைப்படத் தேவையில்லை.

அப்பா அம்மா போனபிறகு இந்தக் குடும்பத்துக்கு மூத்தவன் நான். யாருக்கு எப்போது பூசை வைப்பது என்று எனக்குத் தெரியும். அவனுக்கு நான் செய்தது உனக்கு மறந்துவிட்டது. மன்னாரில் இருந்து அவனை ஜேர்மனிக்குக் கூப்பிட்டு, இரண்டரை வருடம் என் வீட்டில், என் பிள்ளைகளோடு பிள்ளையாக வைத்திருந்தவன் நான். அவன்தான், "எனக்கு ஊர்தான் வேணும், அண்ணை" என்று ஒற்றைக் காலில் நின்று தொண்ணூற்று நாலில் திரும்பிப் போனான். நான் சொன்னதைக் கேட்டிருந்தால் இன்றைக்கு என்னோடு லண்டனுக்கு வந்து இதே தெருவில் கடை வைத்திருப்பான். அந்த அட்டையில், "தாய்நாட்டுக்காக வெளிநாட்டு வாழ்வைத் துறந்து திரும்பியவர்" என்று நான் எழுதியதை வாசித்துவிட்டு எத்தனை பேர் அழுதார்கள் தெரியுமா? இணையத்திலும் போட்டிருக்கிறார்கள். நீ ஒருத்திதான் குறை பிடிக்கிறாய்.

மைன் ஆறு என்று எழுதியிருக்கிறாய். மைன் ஆற்றில் எந்த ஊர்? கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்.

கஸ்பர்


சட்டன்
13.07.2009

அண்ணைக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சுகமாக இருக்கவேண்டும் என்று இந்தக் கடிதத்தில் உண்மையாகவே விரும்புகிறேன். ஏனென்றால் இதைக் கடைசிவரை வாசிக்க உங்களுக்குப் பலம் வேண்டும்.

மில்டன்பேர்க். அந்த ஊர்தான்.

கப்பல்காரன் அனுப்பிய தாளில், "வியாழன், மத்தியகால நகரம், நாலரை மணித்தியாலம்" என்று போட்டு அந்தப் பெயர் இருந்தது. என் தகரப் பெட்டிக்குள் தம்பி ஜேர்மனியில் இருந்து எழுதிய கடிதம் ஒன்று கிடக்கிறது. அதன் உறையின் பின்பக்கத்தில் நீங்கள் எல்லோரும் இருந்த வீட்டு முகவரியை அவன் எழுதியிருந்தான். ஊர்ப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தேன். அதற்காகத்தான் போனேன்.

நான் ஊர் பார்க்கப் போகவில்லை. கொழும்பில் ஞானேஸ்வரன் என்று ஒரு சட்டத்தரணி இருக்கிறார். தம்பியை எங்கேயாவது தடுத்து வைத்திருக்கிறார்களா என்று தேட ஒப்புக்கொண்டார். அவர் முதலில் கேட்டது படம். தயாளினி முகாமுக்குள் வந்தது உடுத்த உடுப்போடு. உங்களிடம் கேட்டேன், "எல்லாம் வீடு மாறினதிலை துலைஞ்சிட்டுது" என்றீர்கள். ஒரு மனிதனைத் தேடுவதற்கு அவன் முகமே கையில் இல்லை. நீங்கள் வாடகைக்கு இருந்த அந்த வீட்டின் சொந்தக்காரியிடமாவது ஒரு படம் இருக்கும் என்று நினைத்தேன்.

ஊர் எப்படி என்று சொல்லட்டுமா? உங்களுக்குத் தெரிந்த ஊர்தானே. சிவப்புக் கல்லில் ஒரு நீர்த்தொட்டி, சரிவான சந்தைச் சதுக்கம், மரச்சட்டம் குறுக்கும் நெடுக்குமாகப் போட்ட வீடுகள், மேலே கோட்டை. கூட வந்த வெள்ளைக்காரக் கிழவர்கள் ஒவ்வொரு கதவையும் படம் எடுத்தார்கள். அந்தப் பெண் காதுக்குள், அறுநூறு வருடம், எழுநூறு வருடம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு அந்த வடிவைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம்தான் வந்தது. அறுநூறு வருடத்து மரக் கதவைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். எங்களுக்குப் போன மாதம் இருந்த ஆளைக் காணவில்லை. காதுக் கருவியைக் கழற்றி ஷெறோனின் கையில் கொடுத்துவிட்டுக் கடித உறையைக் காட்டிக் காட்டி வழி கேட்டுப் போனேன்.

கோட்டைவாசல் தாண்டி மூன்றாவது வீடு. கீழே பேக்கரி. அந்த வீட்டுக்காரி பிறென்னர் அம்மா இன்னும் இருக்கிறார். எண்பத்துமூன்று வயது, தள்ளுவண்டி பிடித்துத்தான் நடக்கிறார். அவருடைய மகள் ஆங்கிலம் பேசினாள், அதனால் தப்பினேன். நான் தம்பியின் பெயரைச் சொன்னதும் கிழவி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். குசினி லாச்சியைத் திறந்து ஒரு படத்தை எடுத்துத் தந்தார். தொண்ணூற்று மூன்று மார்கழியில் ஆறு பெருகி அந்தத் தெருவுக்குள் வந்ததாமே. தம்பி தொடையளவு தண்ணீரில், கிழவியின் தையல் மெஷினைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். சிரிக்கிறான். வலது புருவத்து வெட்டுக்காயம்கூடத் தெளிவாகத் தெரிகிறது. அந்தக் குசினிக்குள் நின்று அழுதேன்.

மிச்ச நேரம் கிழவி கதைத்தார். தம்பி எப்படி அந்த வீட்டை விட்டுப் போனான் என்று சொன்னார். "திரும்பிப் போனான்" என்று பதினைந்து வருடமாக நீங்கள் சொல்கிற கதை இல்லை அது. நான் எழுதமாட்டேன். நீங்கள் எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

அஞ்சலீனா


சட்டன்
03.08.2009

அண்ணைக்கு,

மூன்று கிழமை ஆகிவிட்டது. உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. அண்ணியிடம் கேட்டேன், சுகமாகக் கடைக்குப் போய்வருகிறீர்கள் என்றார். சந்தோஷம்.

நீங்கள் எழுதாவிட்டால் நான் எழுதுகிறேன். தம்பி திரும்பிப் போகவில்லை. அவனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். தொண்ணூற்று நாலு ஐப்பசியில் ஒரு காலை ஐந்து மணிக்குப் பொலிஸ் வந்து, சப்பாத்துப் போடவும் விடாமல் கொண்டுபோனதாம். அவனுடைய அகதி விண்ணப்பத்தை மறுத்து, இரண்டு கிழமைக்குள் மேல்முறையீடு செய்யவேண்டும் என்று ஏப்ரலிலேயே மஞ்சள் உறையில் கடிதம் வந்ததாம். தபால்காரன் அதைக் கிழவியின் கையில் கொடுத்தான். அவர் அதை உங்கள் கையில் கொடுத்தார். படியில், காலையில். நீங்கள்தானே வீட்டுக்குப் பெரியவர். எங்கள் வீட்டில் யாருக்குக் கடிதம் வந்தாலும் அண்ணைதான் உடைப்பார். எனக்கு வந்த கலியாண வாழ்த்துகளையும் நீங்கள்தான் உடைத்தீர்கள்.

அந்தக் கடிதம் தம்பிக்குப் போய்ச் சேரவில்லை. அது எங்கே?

அஞ்சலீனா


வால்தம்ஸ்டோ
07.08.2009

அஞ்சலீனாவுக்கு,

உன் சுகத்தைக் கேட்கும் நிலையில் நான் இல்லை.

வயது போய் மூளை கலங்கிய ஒரு வெள்ளைக்காரி சொன்னதை வைத்துக்கொண்டு, தோளில் தூக்கி வளர்த்த அண்ணையைக் கள்ளன் ஆக்குகிறாயா? நீ அந்த ஊரில் நின்றது நாலரை மணித்தியாலம். நான் அங்கே பனியிலும் குளிரிலும் பதினாறு வருடம் உழைத்தவன். சுற்றுலாவுக்குப் போனவள் எனக்குச் சரித்திரம் சொல்கிறாய். எத்தனையோ கடிதம் வரும். எது எங்கே போனது என்று நான் கண்டேனா? அவன் ஒழுங்காக இருந்திருந்தால், பெரியவர்களுக்கு மரியாதை கொடுக்கத் தெரிந்திருந்தால், இதொன்றும் வந்திருக்காது.

செத்தவனை நிம்மதியாக விடு. இனிமேல் இதைப்பற்றி எனக்கு எழுதாதே. எழுதினால் உடைக்காமல் குப்பைக்குள் போடுவேன்.

கஸ்பர்


சட்டன்
15.08.2009

அண்ணைக்கு,

இன்று மாதாவின் பெருநாள். உங்கள் எல்லோருக்கும் வாழ்த்துகள்.

குப்பைக்குள் போடமாட்டீர்கள் என்று தெரியும். மற்றவர்களுக்கு வந்த கடிதத்தையே உடைத்துப் பார்ப்பவர், உங்களுக்கு வந்ததை உடைக்காமல் விடுவீர்களா?

எனக்கு உங்களில் எவ்வளவு கோபம் என்று எழுதப் போனால் தாள் காணாது. அதை விடுகிறேன். அதைவிடப் பெரிய அலுவல் இருக்கிறது. சட்டத்தரணி ஞானேஸ்வரன் போன் எடுத்தார். படத்தில் உள்ள புருவக் காயத்தை வைத்து, இந்த மாதிரி ஒருவரைத் தடுப்பு முகாம் ஒன்றில் ஆனியில் கண்டதாக ஒரு ஆள் சொல்லியிருக்கிறாராம். நிச்சயம் இல்லை. ஆனால் அதற்குள் யாரோ உங்கள் நினைவு அட்டையை இணையத்தில் இருந்து எடுத்து அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவர் என்னிடம், "அக்கா, இதை ஆர் எழுதினது? நாட்டுக்காக வெளிநாட்டை விட்டிட்டு வந்தவர் எண்டால் அவங்கள் என்ன நினைப்பாங்கள்? இயக்கத்துக்கு வந்தவர் எண்டுதான் நினைப்பாங்கள். உயிரோடை இருந்தாலும் இது அவரை விடாது" என்றார்.

விளங்குகிறதா? நீங்கள் உங்களைக் காப்பாற்றச் சொன்ன பொய், இப்போது அவன் கழுத்தில் கிடக்கிறது. அவன் விரும்பி வரவில்லை, பிடித்து அனுப்பப்பட்டான் என்று காட்ட ஒரு தாள் வேண்டுமாம். ஜேர்மன் அலுவலகத்தில் கேட்டால் அவனுடைய கையெழுத்தைக் கொண்டுவா என்கிறார்கள். கையெழுத்துப் போட அவன் எங்கே?

அந்த மஞ்சள் உறை உங்களிடம் இருக்கிறது. நீங்கள் ஒரு தாளையும் எறிந்ததில்லை. வீடு மாறினதில் படம் தொலையும், பத்திரம் தொலையாது. இதை மறைத்தால் உங்கள் மானம் மிஞ்சும். தந்தால் ஒருவேளை தம்பி மிஞ்சுவான். எது வேண்டும் என்று நீங்களே முடிவெடுங்கள்.

அஞ்சலீனா


வால்தம்ஸ்டோ
20.09.2009

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள தங்கச்சி அஞ்சலீனாவுக்கு,

நீயும் ஷெறோனும் சுகமா? எனக்குச் சுகமில்லை. போன கிழமை கடைக்குள் விழுந்து இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். உனக்குச் சொல்லவேண்டாம் என்று நான்தான் அண்ணியைத் தடுத்தேன்.

இதற்குள் மஞ்சள் உறையும் அதற்குப் பிறகு வந்த இரண்டு கடிதங்களும் இருக்கின்றன. மூன்றும் அவனுடையவை. ஞானேஸ்வரனுக்கு இன்றைக்கே அனுப்பு.

இதுவரை பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். என் மூத்தவன் டினேஷின் முதல் நற்கருணை அந்த ஏப்ரலில்தான் நடந்தது. வீட்டில் நாற்பது பேர். நான் வேலை செய்யும் ஹொட்டலில் மனேச்சராகிவிட்டேன் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். தம்பி இறைச்சித் தட்டோடு வந்தவன் சிரித்தான். "என்ன அண்ணை, ரண்டு பேரும் பக்கத்திலை பக்கத்திலை நிண்டு கோப்பைதானே கழுவுறம்" என்றான். பகிடிக்குத்தான் சொன்னான். நாற்பது பேரும் சிரித்தார்கள். என் மாமனாரும் சிரித்தார்.

மூன்றாம் நாள் பிறென்னர் அம்மா அந்தக் கடிதத்தைத் தந்தார். உடைத்தேன். இரண்டு கிழமை என்று போட்டிருந்தது எனக்கு விளங்கியது. அவன் வந்து, "பிழை விட்டிட்டன் அண்ணை" என்று ஒரு சொல் சொல்லட்டும், கையில் கொடுப்போம் என்று இருந்தேன். அவன் வரவில்லை. பிழை விட்டது அவனுக்கே தெரியாது என்று இப்போது நினைக்கிறேன். பதின்மூன்றாம் நாள் கொடுக்கத்தான் எடுத்தேன். அவன் என்னைக் கவனியாமல் பாட்டுப் படித்துக்கொண்டு படியில் இறங்கிப் போனான். எவ்வளவு திமிர் என்று நினைத்தேன். திரும்பக் கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அடுத்த நாள் தவணை முடிந்தது. பிறகு வந்த இரண்டையும் பயத்தில் ஒளித்தேன்.

பொலிஸ் வந்த அன்று நான் ஹொட்டலில் காலை வேலை. வீட்டுக்கு வந்தபோது அவனுடைய சப்பாத்து மட்டும் வாசலில் கிடந்தது.

நீ கப்பலில் போனதற்கு எனக்குக் கோபம் வரவில்லை. படத்தில் உனக்குப் பின்னால் தெரிந்த சிவப்புக் கல்லைக் கண்டு பயந்தேன். நீ சொன்னது சரி, மரணத்தை நான் பொறுக்கித்தான் எடுத்தேன். அவன் செத்தான் என்றபோது அழுதேன். ஆனால் இனி யாரும் கேட்கமாட்டார்கள் என்று உள்ளுக்குள் ஒரு ஆறுதலும் வந்தது. அதை எழுத எனக்குக் கை கூசுகிறது.

ஃபாதரிடம் போனேன். மரித்தவர்களின் பட்டியலில் இருந்து அவன் பெயரை எடுக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டார், பூசை முடிந்து சனம் நிற்கத்தக்கதாகவே சொன்னேன். சந்திரவதனாவும் நின்றாள். அட்டையையும் இணையத்தில் இருந்து எடுப்பித்துவிட்டேன்.

இன்னொரு உறையும் வைத்திருக்கிறேன். ஒட்டியது. அது தம்பிக்கு. பதினைந்து மார்கழிக்கும் அவன் ஊரில் இருந்து எனக்கு நத்தார் வாழ்த்து எழுதினான். ஒன்றுக்கும் நான் பதில் போடவில்லை. இதுதான் பதில். நீ உடைத்து வாசித்துவிட்டு, சரி என்று பட்டால் தயாளினிக்கு அனுப்பு. உன் மனதில் எனக்கு மன்னிப்பு இருந்தால் ஒரு வரி எழுது.

உன் அண்ணை,
கஸ்பர்


சட்டன்
02.10.2009

அண்ணைக்கு,

ஆஸ்பத்திரியில் இருந்ததைச் சொல்லாமல் விட்டது பெரிய பிழை. அண்ணிக்கும் நல்ல ஏச்சு விழுந்தது. சீனி மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுங்கள். கடையில் நின்று மிக்ஸர் கொறிக்கவேண்டாம்.

மூன்று கடிதங்களும் கொழும்புக்குப் போய்விட்டன. ஞானேஸ்வரனுக்குக் கிடைத்துவிட்டதாம். "இதைத்தான் அக்கா கேட்டனான்" என்றார். தடுப்பு முகாமில் கண்ட ஆள் தம்பிதானா என்று இன்னும் தெரியாது. தயாளினிக்கு முழுவதையும் நானே போனில் சொன்னேன். அவள், "ரண்டு பிள்ளையளும் அவரோடை அந்த ஊரிலை பிறந்திருக்க வேண்டியவை" என்று மட்டும் சொன்னாள். உங்களுக்குச் சொல்லச் சொல்லி ஒன்றும் சொல்லவில்லை.

மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் இல்லை, அண்ணை. தேடிப் பார்த்தேன். அந்தப் படியில் இருந்து அவன் பாட்டுப் படித்துக்கொண்டு இறங்குவதை நினைக்கும்போதெல்லாம் உங்கள் கடையை வந்து அடித்து உடைக்கவேண்டும் போல இருக்கிறது. நீங்கள் விழுந்தீர்கள் என்று வாசித்துவிட்டு அழுதேன். அழுது முடிய அதே கோபம் அப்படியே இருந்தது. இரண்டும் இருக்கிறது. எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

கிழவி சொன்னதில் ஒன்றை நான் இதுவரை உங்களுக்கு எழுதவில்லை. நீங்களாக உண்மையைச் சொன்னால்தான் எழுதுவது என்று வைத்திருந்தேன்.

தம்பிக்குத் தெரியும்.

பொலிஸ் வந்து நின்றபோது அவன், எனக்கு ஒரு கடிதமும் வரவில்லை என்று சொன்னானாம். பிறென்னர் அம்மா இரவு உடுப்போடு ஓடிவந்து, "உன் அண்ணனிடம் நான்தானே கொடுத்தேன், மஞ்சள் உறை, அவரை வேலையில் இருந்து கூப்பிடுகிறேன், பொறு" என்று போனைத் தூக்கினாராம். அவன் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டானாம். உங்கள் பிள்ளைகள் மூன்றும் எழும்பி வந்து கதவடியில் நின்றனவாம். கிழவியின் மகள் எனக்கு இதை ஆங்கிலத்தில் சொன்னாள். எங்கள் பேச்சில் அவன் இப்படித்தான் சொல்லியிருப்பான்: "வேண்டாம். பிள்ளையளுக்கு முன்னாலை அண்ணைக்கு வெக்கமாப் போயிடும்."

அதன்பிறகுதான் அவன் உங்களுக்குப் பதினைந்து நத்தார் வாழ்த்து எழுதினான்.

அவனுக்கென்று நீங்கள் ஒட்டி அனுப்பிய உறை என்னிடம் இருக்கிறது. உடைத்து வாசிக்கச் சொன்னீர்கள். வாசிக்கமாட்டேன். தயாளினிக்கும் அனுப்பமாட்டேன். அதன்மேல் அவன் பெயர் இருக்கிறது. அவனுக்கு வந்த கடிதத்தை இந்தக் குடும்பத்தில் இன்னொருவர் உடைப்பது இனி நடக்காது. அவனுடைய படத்தோடு சேர்த்துத் தகரப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். அவன் வந்தால் கையில் கொடுப்பேன். வராவிட்டால் அது ஒட்டியபடியே கிடக்கும்.

குளிர் தொடங்கிவிட்டது. கடைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போங்கள்.

தங்கச்சி,
அஞ்சலீனா